மாடியறைச் சுரங்கம்

சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது கோலார் தங்கவயல்தான். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அங்கே குடியேறின. எங்கள் வகுப்பிலேயே மூன்று பேருடைய கொள்ளுத் தாத்தாக்கள் அங்கே பாறை உடைத்தவர்கள். 1880-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனி தொடங்கிய அந்தச் சுரங்கம் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை சென்றது. அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே 1902-இல் காவிரியின்மேல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் எழுந்தது. முடிவில் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் அடியோடு தீர்ந்துபோனதால் அன்று; எடுக்கும் செலவு எடுக்கப்படும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டதால்!

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு மாடியறையிலும் சென்ற ஆண்டு ஒரு சுரங்கம் தோண்டப்பட்டது. கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை. பத்துப் பழைய கணிப்பொறிகள், நீல நிற வலைக் கம்பிகள், இரண்டு மேசை விசிறிகள், இவையே அதன் கருவிகள். தோண்டியவர் அவளுடைய அண்ணன். தன் பெயரையோ, அண்ணன் பெயரையோ எழுதக்கூடாது என்ற நிபந்தனையுடன் இதை எழுத எங்களுக்கு அவள் அனுமதி தந்திருக்கிறாள். கட்டுரையில் வரும் கணக்குகளும் பெரும்பாலும் அவள் போட்டவையே. அவற்றைச் சரிபார்த்ததும், அபிப்பிராயம் கூறுவதும் மட்டுமே எங்கள் பங்கு.

முதலில் இது என்ன சுரங்கம் என்பதைப் பெற்றோருக்கும், இதைப் படிக்கும் சிஸ்டர்களுக்கும் விளக்கிவிடுகிறோம்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிட்காயின் என்ற ஒரு புதுவகைப் பணம் உலகில் தோன்றியது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ சிலரோ அதை ஆக்கினர். அவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. இப்பணத்துக்கு அரசும் இல்லை, ரிசர்வ் வங்கியும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கேடு மட்டும் உண்டு. அந்த ஏட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஏட்டில் ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படுகிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? இங்கேதான் சுரங்கம் வருகிறது. பக்கத்தின் தலைப்பில் ஓர் எண்ணை இட்டு, ஷா-256 என்னும் சூத்திரத்தில் இருமுறை அரைத்தால் ஒரு விடை கிடைக்கும். அந்த விடை குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் வெற்றி. இல்லையேல் வேறோர் எண்ணை இட்டு மீண்டும் அரைக்க வேண்டும். எந்த எண் வெல்லும் என்பதை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. இட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. வென்றவருக்குப் பரிசாகப் புதிய நாணயங்கள் பிறக்கின்றன. தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50 நாணயங்கள் கிடைத்தன. சுமார் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகக் குறைந்துவிட்டது.

இப்படி வேண்டுமென்றே வீண் உழைப்பைச் சாட்சியாகக் கேட்கும் யோசனை முதலில் ஒரு பெண்மணியின் ஆராய்ச்சியில் பிறந்தது என்பது எங்கள் வகுப்பில் பலருக்கு வியப்பாக இருந்தது. சிந்தியா டுவொர்க் என்ற அறிஞர் மோனி நாவோர் என்பவருடன் சேர்ந்து 1992-இல் இதை முன்வைத்தார். குப்பைக் கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்புகிறவர்களைத் தடுப்பதே அவர்களின் நோக்கம். ஒரு கடிதம் அனுப்புமுன் கணிப்பொறி ஒரு சிறு கணக்கைப் போட்டாக வேண்டும் என்று வைத்துவிட்டால், ஒரு கடிதம் அனுப்புகிறவருக்கு அது சுமையில்லை. பத்து லட்சம் கடிதம் அனுப்புகிறவருக்கோ தாங்க முடியாத சுமை. எவ்வளவு அழகான யோசனை! அது பின்னால் பணம் பிறப்பிக்கும் வேலைக்குப் பயன்படும் என்று அவர்கள் அன்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆரம்ப காலத்தில் இச்சுரங்கத்தை எவரும் தம் வீட்டில் தனியாகவே தோண்டினார்கள். ஒரு சாதாரணக் கணிப்பொறியே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹால் ஃபின்னி என்ற கணிப்பொறி அறிஞர் 2009 ஜனவரியில் தம் கணிப்பொறியில் இதை ஓட்டினார். பல பக்கங்கள் அவருக்குக் கிடைத்தன. பிறகு ஏன் நிறுத்தினார் தெரியுமா? கணிப்பொறி சூடேறுகிறது, விசிறிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸ் 2009-இல் தம் மடிக்கணினியில் சுமார் 8000 நாணயங்கள் எடுத்தார். அவற்றின் சாவி இருந்த வன்தகடு 2013-இல் குப்பையோடு போய்விட்டது. நகராட்சியின் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. சுரங்கத்தில் எடுத்ததைக் குப்பைமேட்டில் தேடும் நிலை! 2010 மே 22 அன்று இன்னொருவர் இரண்டு பிட்சாவுக்கு 10,000 நாணயங்களைக் கொடுத்தார். நாணயத்துக்கு அப்போது இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

தோழியின் அண்ணன் இக்கதைகளையெல்லாம் படித்தவர். பொறியியல் படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வேலையிழந்து வீடு திரும்பியவர். ஊரார் சிலர் சொல்வதுபோல் அவர் சோம்பேறி அல்லர் என்பதை நாங்கள் இங்கே உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். மூடப்பட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பத்துக் கணிப்பொறிகளைப் பழைய விலைக்கு வாங்கி வந்து, அவற்றைத் தாமே கழற்றித் தூசி தட்டி, கம்பிகளின் முனைகளைத் தாமே கிரிம்ப் செய்து, ஒரு சுவிட்ச் பெட்டியில் இணைத்தார். நாங்கள் நால்வர் ஒரு ஞாயிறு மாலை, நற்கருணை ஆசீர் முடிந்து, அவள் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்தோம். அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடுப்பங்கரைச் சூடு அடித்தது.

அவர் அதை எங்களுக்கு விளக்கிய முறை இன்னும் நினைவிருக்கிறது. "இதோ இந்த ஒன்றுதான் வாத்தியார். மற்ற ஒன்பதும் பிள்ளைகள்" என்றார். வாத்தியார் கணிப்பொறியில் பிட்காயின் கணக்கேடு முழுவதும் இருக்கிறது. 600 ஜிகாபைட்டுக்கு மேல். அதை இறக்குவதற்கே பல நாட்கள் பிடித்தன. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் வீட்டு வலைக்குள் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி உண்டு. பிள்ளைகள் வாத்தியாரின் முகவரிக்குச் சென்று, "வேலை கொடுங்கள்" என்று கேட்கும். வாத்தியார் அடுத்த பக்கத்துக்கான மாதிரியைக் கொடுப்பார். பிள்ளைகள் எண்களை இட்டு இட்டு அரைக்கும். விடை கிடைத்தால் வாத்தியாரிடம் ஒப்படைக்கும். வாத்தியார் அதை உலகுக்கு அறிவிப்பார். தாமும் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்.

முதல் வாரம் ஒரு வேடிக்கை நடந்ததாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரியை வாங்கி, ஒரே எண்ணிலிருந்து தொடங்கி, ஒரே கணக்கையே போட்டுக்கொண்டிருந்தன. பத்துப் பேர் தேர்வெழுதி, பத்துப் பேரும் ஒரே விடைத்தாளை எழுதியது போல! பிறகு ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனியே ஒரு குறிச்சொல்லைக் கொடுத்துப் பக்கத்தில் சேர்க்கச் செய்தார். குறிச்சொல் ஓர் எழுத்து மாறினாலும் பக்கத்தின் தலைப்பு அடியோடு மாறிவிடும். ஆகவே கணக்கும் வெவ்வேறாகிவிடும். குறிச்சொற்களாக அவர் தேர்ந்தெடுத்தவை பேதுரு, யோவான், தோமா முதலிய அப்போஸ்தலர் பெயர்கள். யூதாசை விட்டுவிட்டாராம்.

நாங்கள் கைதட்டினோம். வலையமைப்பைப் பற்றி நாங்கள் பாடநூலில் படித்திருக்கிறோம், படமும் வரைந்திருக்கிறோம். கண்ணால் கண்டது அன்றுதான்.

கைதட்டல் ஓய்ந்தது முதல் மின்கட்டண அட்டை வந்தபோது.

ஒரு பழைய கணிப்பொறி முழுமூச்சாக ஓடும்போது 100 வாட் மின்சாரம் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கும் சேர்த்து 1000 வாட். ஒரு நாளுக்கு 24 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள் அல்லவா? அறுபது நாளுக்கு 1440 யூனிட் ஆகிவிடுகிறது. வீட்டின் வழக்கமான செலவு இதற்கு வெளியே. முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் இந்த வெள்ளத்தில் ஒரு துளி. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு விலைப்படிகளே வேறு. முதல் அட்டையைத் தோழியின் அம்மா வீட்டுப் பணத்தில் கட்டினார். இரண்டாம் அட்டைக்கு அவர் கையிலிருந்த இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இதை அண்ணனுக்குச் சொல்லவே இல்லை. கையில் வளையல் இல்லாததைத் தோழிதான் முதலில் கவனித்தாள். பாத்திரம் கழுவும் ஓசையில் வளையல் சத்தம் கேட்கவில்லையாம்.

அன்றிரவு அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவு ஒரு பாடம். அதைவிடக் கூடுதலாக எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

உலகம் முழுவதும் இச்சுரங்கத்தில் ஈடுபட்டிருக்கும் இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து, 2025-இல் வினாடிக்கு ஏறத்தாழ கோடி கோடி கோடி முறை அரைத்தன. அச்சுப்பிழை அன்று, கோடியைக் கோடியால் பெருக்கி, மீண்டும் கோடியால் பெருக்க வேண்டும். ஒன்றுக்குப் பின் இருபத்தொரு சுழியம். மாடியறையில் ஒரு கணிப்பொறி வினாடிக்குச் சுமார் ஒரு கோடி முறை அரைத்தது. பத்தும் சேர்ந்து பத்துக் கோடி. ஆகவே, ஒரு பக்கத்தை இவர்கள் வெல்லும் வாய்ப்பு பத்து லட்சம் கோடியில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 52,560 பக்கங்கள். வகுத்துப் பார்த்தால், சராசரியாக 19 கோடி ஆண்டுகளுக்கு ஒரு பக்கம் கிடைக்கும்! 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இப்பூமியில் டைனோசர்கள் திரிந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று இந்தப் பத்துக் கணிப்பொறிகளையும் முடுக்கிவிட்டிருந்தால் இந்நேரம் ஒரு பரிசு விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம்.

அத்துடன் அவள் நிறுத்தவில்லை. 2024 டிசம்பரில் ஒரு பிட்காயினின் விலை முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த விலையில் 3.125 நாணயங்கள் என்றால் அன்றைய ரூபாய்க் கணக்கில் இரண்டரைக் கோடிக்கும் மேல். 19 கோடி ஆண்டு உழைப்புக்கு அது கூலியானால், ஆண்டுக்கு எவ்வளவு? சுமார் 14 காசு. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 14 காசுக்காக ஆண்டுக்குச் செலவாகும் மின்சாரம் 87,600 ரூபாய்.

இந்தத் தாளை அவள் அண்ணனிடம் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும். "சராசரிதானே? அதிர்ஷ்டம் இருந்தால் நாளைக்கே விழும்" என்றார். அதோடு ஒரு செய்தியையும் காட்டினார். 2022 ஜனவரியில் தனியொருவர் சுமார் 126 டெராஹாஷ் வேகமுள்ள சிறிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை வென்றுவிட்டார். இது உண்மைதான். ஆனால் டெராஹாஷ் என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி. அந்தச் 'சிறிய' ஏற்பாடு எங்கள் தோழியின் மாடியறையைப்போலப் பன்னிரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. இதற்கென்றே தனியாக வார்த்த சில்லுகள் 2013 முதல் விற்பனைக்கு வந்துவிட்டன. சாதாரணக் கணிப்பொறியின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இன்றைய ஆன்ட்மைனர் எஸ்21 என்ற இயந்திரம் ஒன்றே இரண்டு கோடிப் பழைய கணிப்பொறிகளுக்குச் சமம். அதை வாங்கித் தனியாக ஓட்டினாலும் ஒரு பக்கத்துக்குச் சராசரி 95 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 84 யூனிட் கொடுத்துக்கொண்டு!

இங்கே எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். சுரங்கம் என்ற பெயரே இவ்விஷயத்தில் மக்களை ஏமாற்றுகிறது என்று நாங்கள் கருதுகிறோம். கோலாரில் ஓர் அடி தோண்டினால், ஓர் அடி தோண்டியதுதான். நாளைக்கு அந்த அடியிலிருந்து தொடரலாம். இதிலோ நேற்று முழுவதும் அரைத்தது இன்றைக்கு ஒரு இம்மியும் உதவாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்த குழந்தைபோல் தொடங்க வேண்டும். ஓராண்டு ஓட்டியவரும் ஒரு நிமிடம் ஓட்டியவரும் அடுத்த முயற்சியில் சமமே. "இத்தனை நாள் ஓட்டிவிட்டோமே, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீணாகுமே" என்று அண்ணன் சொன்னபோது, அவருக்குள் பேசியது பொறியியல் அன்று. லாட்டரிச் சீட்டுப் பிடித்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நம் மாநிலத்தில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது ஏன் என்பதை எங்களைவிட எங்கள் பெற்றோர் நன்கு அறிவார்கள். கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கியவர்களுக்குக் குறைந்தது கடைவரை நடக்கும் சிரமமாவது இருந்தது. இங்கே கணிப்பொறி நம் தூக்கத்திலும் வினாடிக்குப் பத்துக் கோடிச் சீட்டு வாங்குகிறது; பணம் மீட்டர் பெட்டியின் வழியாகப் போகிறது.

தனியாகத் தோண்டாமல் கூட்டாகத் தோண்டலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. 2010-இன் இறுதியில் செக் நாட்டவர் ஒருவர் முதல் கூட்டுக் குளத்தைத் தொடங்கினார். பலரும் சேர்ந்து அரைத்து, கிடைத்ததை உழைப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வது அதன் முறை. நல்ல முறையே, நம் ஊர்ச் சீட்டுப் பிடிப்பதைப் போன்றது. ஆனால் பங்கு பிரித்தாலும் ஆண்டுக்கு 14 காசு, ஆண்டுக்கு 14 காசுதானே? சில்லறையாகக் கிடைக்கும், அதுதான் வேறுபாடு. சாதாரணக் கணிப்பொறிகளுக்கு ஏற்றவாறே அமைத்த மொனேரோ போன்ற வேறு நாணயங்களும் உண்டு. அங்கே மாடியறைக்குச் சற்று மரியாதை கிடைக்கும். ஆனால் நம் வீட்டு மின்கட்டணத்தில் அதுவும் கட்டுபடியாகாது என்றே கணக்கு வருகிறது.

வரியையும் மறந்துவிடலாகாது. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய நாணயங்களில் கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 சதவீதம் வருமான வரி. சுரங்க இயந்திரச் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது என்று மத்திய அரசு பாராளுமன்றத்திலேயே தெரிவித்துவிட்டது. ஒருவேளை அதிர்ஷ்ட தேவதை வந்தால் அவளோடு கூடவே வருமான வரி அதிகாரியும் வருவார்.

இதையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "நம் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் இரவு முழுவதும் இருபத்துநான்கு கணிப்பொறிகள் சும்மாதானே தூங்குகின்றன? அவற்றை ஓட்டி, வரும் பணத்தை ஏழை மாணவியர் நிதிக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டாள். நல்ல மனத்தோடு கேட்டதுதான். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று மடத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வா" என்றார். பிறர் கணிப்பொறியில், பிறர் மின்சாரத்தில், அவர்களுக்குத் தெரியாமல் தோண்டுவதும் உலகில் நடந்திருக்கிறது. 2017 முதல் 2019 மார்ச் வரை காயின்ஹைவ் என்றொரு நிரல் பல இணையதளங்களில் ஒளிந்திருந்து, படிக்க வருகிறவர்களின் கணிப்பொறியைக்கொண்டு மொனேரோ அரைத்தது. அதற்குக் களவு என்பதைத் தவிர வேறு பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

மின்சாரத்தைப் பற்றி இன்னொரு சொல். பிட்காயின் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொள்வதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நம் தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் செலவழிக்கும் அளவு அது. இப்படித்தான் செய்தாக வேண்டும் என்பதில்லை. எதேரியம் என்ற மற்றொரு நாணயம் 2022 செப்டம்பரில் அரைக்கும் முறையையே கைவிட்டு, தன் மின்செலவை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பைப் பேணுவது குறித்துத் திருமடல் வெளியிட்டதை நாம் மறைக்கல்வியில் படிக்கிறோம். படித்ததை மீட்டர் பெட்டியோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றியது இப்போதுதான்.

இனி, மாடியறையில் நடந்த ஒரு வாக்குவாதம். அம்மா அழுதபோது அண்ணன் விவிலியத்தையே துணைக்கழைத்தாராம். "வயலில் புதையல் இருந்தது. ஒருவன் தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த வயலை வாங்கினான். ஆண்டவர் அவனைப் புகழவில்லையா?" என்று கேட்டாராம். தோழிக்கு வாயடைத்துப் போயிற்று. மறுநாள் இதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டாள். சிஸ்டர் நூலைத் திறந்து, மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தை அவளையே மீண்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தபின், "அவன் முதலில் என்ன செய்தான்?" என்று கேட்டார். அவன் புதையலை முதலில் கண்டான். கண்ட பிறகே விற்றான். காணாத புதையலுக்காக வீட்டை விற்றவனைப் பற்றி உவமை எதுவும் இல்லை. அவள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னாள். அண்ணன் நீண்ட நேரம் பேசாமல் இருந்தாராம். அதன்பின்தான் வளையல் செய்தியை அவருக்குச் சொன்னாள். அன்றிரவே ஒன்பது கணிப்பொறிகளை நிறுத்திவிட்டார். தோமாவை மட்டும் மேலும் ஒரு வாரம் ஓடவிட்டார். அதுவும் பின்னர் நின்றது.

இதோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். எங்களுக்கு வருத்தம் தரும் பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

நடந்தது தெரிந்ததும் தோழியின் தந்தை, "இனி இந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே கூடாது" என்று சொல்லிவிட்டார். தோழி கணிப்பொறி அறிவியல் படிக்க விரும்புகிறவள். எங்கள் வகுப்பில் அப்பாடத்தில் முதல் மதிப்பெண் அவளுக்கே. கல்லூரியில் வேறு ஏதாவது படி, அல்லது படிப்பே போதும் என்கிறார் அவர். பையனுக்கே கணிப்பொறி இந்தக் கதியைத் தந்தது, பெண்ணுக்கு எதற்கு என்று உறவினர்களும் ஒத்து ஊதுகிறார்கள். மரியாதைக்குரிய அந்தத் தந்தையின்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. மனைவியின் வளையலை மீட்க அவர் கூடுதல் நேர வேலைக்குப் போவதை நாங்கள் அறிவோம். ஆனால் அவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று பணிவோடு கேட்கிறோம். அந்த வீட்டில் பணம் போனது கணிப்பொறியாலா? கணிப்பொறி தனக்கு இட்ட கணக்கைத் தவறின்றிப் போட்டது. அந்தக் கணக்கைப் போடலாமா கூடாதா என்று முன்னதாகக் கேட்கும் ஒரு கணக்கு இருக்கிறதே, அதைப் போடாததால்தான் பணம் போனது. அதைப் போட்டவள் அவருடைய மகள். ஒரு பக்கத் தாளில், ஒரு பேனாவால், நான்கு மாதமாக ஓடிய விசிறிகளை அவள் நிறுத்தினாள். அவளுக்குக் கணிப்பொறி தெரியாமல் இருந்திருந்தால் மூன்றாவது அட்டையும் வந்திருக்கும்.

அண்ணனின் உழைப்பிலும் எல்லாம் வீணாகிவிடவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். பத்துக் கணிப்பொறிகளைத் தனி ஒருவராக இணைத்து, பிழை கண்டு, திருத்தி, இரவு பகலாக ஓட்டத் தெரிந்தவர் அவர். நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துத் தேடும் கலை அது. அவரும் இப்போது பக்கத்து ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் வலையமைப்பு பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார். கணிப்பொறிகளில் ஆறை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றுவிட்டார். நான்கு எங்கள் பள்ளிக்கு வந்திருக்கின்றன. சுவிட்ச் பெட்டியும் கூடவே வந்தது. சனிக்கிழமைகளில் வந்து, கம்பி வெட்டுவது முதல் முகவரி கொடுப்பதுவரை எங்களுக்குக் கற்றுத்தர அவர் சம்மதித்திருக்கிறார். மதர் அனுமதியும் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, மாலை ஐந்து மணிக்கு எல்லாம் அணைக்கப்பட வேண்டும். கணிப்பொறிகளின் பெயர்களை நாங்கள் மாற்றவில்லை. பேதுரு, யோவான், யாக்கோபு, தோமா என்றே அவை அழைக்கப்படுகின்றன. தோமாவுக்கு விசிறி மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு வளையல் மீட்கப்பட்டுவிட்டது. இன்னொன்றுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தைத் தோழி நிரப்பி, எங்கள் வகுப்பாசிரியையிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். பாடம் என்ற இடத்தில் கணிப்பொறி அறிவியல் என்று எழுதியிருக்கிறாள். தந்தையின் கையொப்பத்துக்கான கட்டம், இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை வெறுமையாகவே இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு அவர் வருவார். மலரின் பிரதி ஒன்று அவருக்கும் கொடுக்கப்படும்.